அரண்மனைப் படமும் அப்பாயி படமும்

மலையகத்து வீடுகளிலும் விடுதிகளிலும் பழைய இங்கிலாந்து அரண்மனைப் படங்கள் மறுபடி சுவரேறுகின்றன. அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றுக்குப் பக்கத்தில் யாருடைய படம் இருக்க வேண்டும்?

இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர். பதுளைப் பக்கம் ரயில் கிளம்பிய சற்று நேரத்தில் ‘6,226 அடி’ என்று எழுதிய பலகை ஒன்று வரும். மலைநாட்டுப் பாதையின் உச்சி அதுதான். அதை ஒட்டிச் சுரங்கம். இந்தப் பக்கம் நுவரெலியாப் பனி, அந்தப் பக்கம் ஊவா வெயில். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் ஊர் என்பதால், உருளைக்கிழங்கும் லீக்ஸும் கோவாவும் விளையும் பாத்திகளுக்கு இடையே இன்று சின்னச் சின்ன விடுதிகள் எழுந்திருக்கின்றன.

அந்த விடுதிகளின் வரவேற்பறையில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. பழுப்பேறிய பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்சடித்து, கறுப்புச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். நீராவி ரயில், துரைமார் பங்களா, குதிரைப் பந்தயத் திடல். இவற்றோடு கட்டாயம் ஓர் இங்கிலாந்து அரண்மனையும் இருக்கும். கோபுர வாசல், உயர்ந்த புகைபோக்கிகள், நீண்ட சன்னல்கள். நாலாபக்கமும் உள்ள பழைய பங்களாக்களின் சாயல் அதில் தெரிவதால், அந்தப் படம் இந்த மலைக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. வெளிநாட்டுப் பயணிக்கும் அது பிடித்திருக்கிறது, உள்ளூர்க்காரருக்கும் பிடித்திருக்கிறது.

இது விடுதிக்காரர்கள் கண்டுபிடித்த அலங்காரம் அல்ல. பட்டிப்பொலவில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அசல் பழைய படமே இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவரின் தாத்தா துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் பங்களாச் சாமான்கள் கைமாறியபோது இந்தப் படம் அவர் கைக்கு வந்ததாம். ஒன்றரை அடி அகலம், கறுத்த மரச்சட்டம். கட்டடம் செங்கல்லால் ஆனது என்பது வரிவரியாகத் தெரிகிறது. ஆனால் சிவப்பு இல்லை, சாயத் தண்ணி நிறந்தான். நடுவில் வளைந்த வாசல், இரு புறமும் எண்கோணக் கோபுரங்கள், கூரைக்கு மேலே வரிசையாகப் புகைபோக்கிகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புகைபோக்கியிலும் செங்கல் வேறு வேறு மாதிரி திருகியும் முறுகியும் கட்டப்பட்டிருக்கிறது. படத்தின் கீழ் ஓரத்தில், தடித்த அட்டையில், பென்சிலால் ‘ஹாம்ப்டன் கோர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இடது மூலையில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் பூத்திருக்கிறது.

“இது லண்டன் ராசா அரமனைனு தாத்தா சொல்லுவாருங்க. டெய்லி தொடப்பாரு. எங்கள கிட்ட வர விடமாட்டாரு” என்றார் பெரியவர்.

தாத்தா சொன்னது சரி. அது ராசா அரண்மனையேதான்.

எட்டாம் ஹென்றியின் வாசல்

இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட அரச குடும்பம் டியூடர். ஆறு பெண்களை மணந்த எட்டாம் ஹென்றியும், அவருடைய மகள் முதலாம் எலிசபெத்தும் அந்த வம்சத்தில் எல்லோரும் அறிந்தவர்கள். லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹாம்ப்டன் கோர்ட். 1514இல் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து அரண்மனையாக எழுப்பத் தொடங்கியவர் அரசர் அல்லர். அவருடைய பிரதான அமைச்சராக இருந்த கார்டினல் தோமஸ் ஊல்சி. அமைச்சரின் வீடு அரசர் வீட்டையே மிஞ்சும் அளவுக்கு வளர்ந்தது. 1520களின் கடைசியில் ஊல்சி அதை ஹென்றியிடம் ஒப்படைத்தார். அப்படியும் அரசரின் கோபத்திலிருந்து தப்பவில்லை. பதவி இழந்து 1530இல் இறந்தார்.

ஹென்றி அங்கே பெரிய மண்டபத்தையும், அரசவைக்கே சமைக்கும் அளவுக்குச் சமையற்கட்டுகளையும் கட்டினார். 1537இல் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் ஆண்குழந்தை பெற்றதும், சில நாட்களில் இறந்ததும் இதே அரண்மனையில்தான். 1540இல் பொருத்தப்பட்ட வானியல் கடிகாரம் மணியோடு மாதம், சந்திரனின் பிறை, லண்டன் பாலத்தடியில் ஆற்றுநீர் ஏறும் நேரம் எல்லாவற்றையும் காட்டும். ஆற்றில் படகேறிப் போகும் அரசவைக்கு நீரேற்றம் தெரியாமல் முடியாது.

1689இல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் பழைய அரண்மனையை இடித்துப் புதிதாகக் கட்டும் பொறுப்பைக் கிறிஸ்டோபர் ரென்னிடம் கொடுத்தார்கள். பாதி வேலையோடு அது நின்றது. அதனால் மேற்குப் பக்கம் டியூடர், கிழக்குப் பக்கம் ரென் என்று இரண்டு முகங்களோடு அரண்மனை இன்றும் நிற்கிறது. பழைய படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மேற்கு வாசலைத்தான். புகைபோக்கிகள் மட்டும் 241 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்த அரண்மனை படச்சட்டத்துக்குள் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். விக்டோரியா மகாராணி 1838இல் ஹாம்ப்டன் கோர்ட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அடுத்த வருடமே, 1839இல், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1849இல் அரண்மனை வாசலுக்குப் பக்கத்திலேயே ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் நினைவுக்கு ஒரு படம் கேட்டார்கள். பிரான்சிஸ் ஃப்ரித் என்பவர் 1860இல் ரைகேட் என்ற ஊரில் நிறுவனம் தொடங்கி, பிரித்தானியாவின் ஊர்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து விற்கப் புறப்பட்டார். அக்காலப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளில் அச்சானவை. அந்தப் பூச்சுத்தான் காலப்போக்கில் மஞ்சளித்து, இன்று நாம் ரசிக்கும் பழுப்பைத் தருகிறது. 1890களில் சூரிச்சின் ஃபோட்டோகுளோப் நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கல்லச்சில் வண்ணம் ஏற்றி வெளியிட்டது. அப்படிப்பட்ட பிரித்தானியக் காட்சிகளின் பெரிய தொகுதி ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் யாரும் பார்க்க வைத்திருக்கிறது. விடுதிகளில் தொங்கும் புதிய அச்சுகளில் பல இப்படிப்பட்ட தொகுதிகளிலிருந்து எடுத்தவையே.

அரண்மனை அரசருடையது. அதன் படத்தை வாங்கியவர்களோ குமாஸ்தாக்கள், பாதிரியார்கள், கடைக்காரர்கள். ஒரு நாளும் உள்ளே குடியிருக்க முடியாத வீட்டை, சில சில்லறைக் காசுக்குத் தன் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவரலாம் என்றான காலம் அது. அவர்களின் பிள்ளைகளில் சிலர் கப்பலேறி இலங்கைக்கு வந்து தோட்டத் துரைகளானார்கள்.

மலையில் முளைத்த இங்கிலாந்து

வந்தவர்கள் படத்தை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஊரையே அந்தப் படம் போலக் கட்டினார்கள். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவில் தனக்கு ஒரு மாளிகை எழுப்பினார். அதுதான் வளர்ந்து பெருகி இன்றைய கிராண்ட் ஹோட்டல். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அதன் முகப்பைப் பார்க்காமல் நுவரெலியா போய் வந்தவர் இல்லை. 1894இல் கட்டப்பட்ட தபாலகம் செங்கல்லும் கூர்ங்கூரையும் மணிக்கூண்டுமாக நிற்கிறது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப் கல்லால் ஆன கட்டடத்தில் இயங்குகிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் அது இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

டியூடர் காலத்து இங்கிலாந்தில் அந்தக் கறுப்பு மரங்கள் வீட்டைத் தாங்கிய ஓக் தூண்கள். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி மண்ணும் சுண்ணாம்பும் அப்பியிருப்பார்கள். இங்கே பல கட்டடங்களில் கல்லோ செங்கல்லோதான் பாரத்தைத் தாங்குகிறது. மரம் மேலே பதித்த அலங்காரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இந்தப் பாணி மறுபடி நாகரிகமாகியிருந்தது. தொழிற்சாலைப் புகைக்கு முந்திய ஒரு பழைய, நிம்மதியான நாட்டை அதில் கண்டார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு அந்த ஏக்கம் இரட்டிப்பு. குளிரும் மூடுபனியும் கணப்பு மூட்டும் இரவுகளும் ஊர் நினைப்பைக் கிளறின.

வீட்டு ஏக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது எல்லா மனிதருக்கும் உள்ளது. துரைக்கும் இருந்தது, கொழுந்து பறித்தவருக்கும் இருந்தது. ஒருவரின் ஏக்கத்துக்குக் கல்லும் காணியும் ஆளும் பணமும் கிடைத்தன. மற்றவரின் ஏக்கத்துக்கு ஒரு நல்ல சுவர்கூடக் கிடைக்கவில்லை. மலையகத்தின் பழம்படங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது.

படமே வீடான அடிசம்

பட்டிப்பொலவில் ரயிலேறினால் ஓஹியா, இதல்கஸ்ஹின்ன தாண்டி ஹப்புத்தளை. ரயில் 1893இல் வந்து சேர்ந்த அந்த ஊரிலிருந்து சில கிலோமீற்றரில், தங்கமலைக் காட்டை ஒட்டி இருக்கிறது அடிசம் மாளிகை. சுவரில் மாட்ட வேண்டிய ஓர் அரண்மனைப் படத்தை ஒருவர் கல்லிலேயே எழுப்பிவிட்டார் என்றால் அது இந்த வீடுதான்.

கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். பிரித்தானியாவின் பிரதமராக இருமுறை இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். 1887இல், பதினெட்டு வயது வாக்கில், தோட்டத் தொழில் பழக இலங்கை வந்தார். பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தார், சட்டசபையிலும் இருந்தார். 1931இல் மாளிகை எழும்பியபோது, கென்ட் மாவட்டத்தில் தன் பிள்ளைப்பருவத்தோடு ஒட்டிய கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார். வடிவத்துக்கு அதே கென்ட்டில் உள்ள லீட்ஸ் கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

லீட்ஸ் கோட்டை சாதாரணக் கோட்டை அல்ல. ஏரி நடுவே தீவுகளில் நிற்கும் அது, 1278இல் முதலாம் எட்வர்ட் கைக்கு வந்தது முதல் ராணிகள் பலருக்கு மாளிகையாக இருந்தது. எட்டாம் ஹென்றி தன் முதல் மனைவி, அரகோனின் கதரினுக்காக அதைப் புதுப்பித்தார். 1520இல் பிரான்ஸ் மன்னரைச் சந்திக்கப் பெரும் பரிவாரத்தோடு போகும் வழியில் இருவரும் அங்கே தங்கினார்கள். ஆனால் இன்று படங்களில் கம்பீரமாகத் தெரியும் அதன் பிரதான கட்டடம் ஹென்றி பார்த்தது அல்ல. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, டியூடர் பாணியில் புதிதாகக் கட்டி 1823இல் முடித்தது அது. ஆக, அரசர் காலத்தைப் பார்த்து 1823இல் ஒரு வீடு. அந்த வீட்டைப் பார்த்து 1931இல் ஹப்புத்தளையில் இன்னொரு வீடு.

1823 என்ற ஆண்டு மலையகத் தமிழருக்கு மனப்பாடம். இந்தியாவிலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்த தொடக்கமாக நாம் நினைவுகூரும் ஆண்டு அதுவே. கென்ட்டில் ஒரு சீமான் பழைய அரச வாழ்வை நினைத்துப் புது மாளிகை கட்டி முடித்த அதே காலத்தில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மனிதர்கள் கடல் கடந்து, காடு கடந்து, கம்பளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கதைகளும் நூறு வருடம் கழித்து ஹப்புத்தளை மலையில் சந்தித்தன. தேயிலையில் வந்த செல்வம்தான் அடிசத்தின் அத்திவாரம். அந்தச் செல்வத்தைக் கிள்ளிக் கூடை நிரப்பியவர்கள் நம் பாட்டிமார்.

1960களின் தொடக்கத்திலிருந்து அடிசம் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. விடுமுறை நாட்களில் வரவேற்பறையையும் நூலக அறையையும் பொதுமக்கள் பார்க்கலாம். மடத்துத் தோட்டத்துப் பழங்களில் செய்த ஜாமும் பானமும் வாங்கிக்கொண்டு வரலாம். மலையகப் பிள்ளைகள் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். கல் செதுக்கிய கைகள், கூரை போட்ட கைகள், தரை மெழுகிய கைகள் யாருடையவை என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

பெயரில்லாத முகங்கள்

கமரா இந்த மலைகளுக்கு வராமல் போகவில்லை. உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் ஜூலியா மார்கரெட் கமரூன் இங்கேதான் கண்மூடினார். நாற்பத்தெட்டு வயதில், 1863இல், மகள் பரிசளித்த கமராவோடு படமெடுக்கத் தொடங்கியவர் அவர். கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பதில் அவர் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உறவினரையும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் அரசர், ராணி வேடமிடவைத்தும் படமெடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கை வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன். 1879இல் ஜூலியா டிக்கோயாப் பக்கத்து கிளென்கெயர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் கணவன் மனைவி இருவரின் கல்லறையும் இருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியிருப்பவை கொஞ்சமே. ஆனால் அவற்றில் இந்த நாட்டு உழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சிரிப்புக்கோ வேடிக்கைக்கோ அவர் நிறுத்தவில்லை. டெனிசனைப் பார்த்த அதே கூர்மையோடு பார்த்திருக்கிறார். ஒன்று மட்டும் இல்லை: பெயர். 1878இல் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றுக்குத் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதுதான். டெனிசன் படத்தின் கீழே டெனிசன் என்று இருக்கிறது. இவர்கள் யார் பெற்ற பிள்ளைகள், எந்த வீட்டுக்காரர்கள் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

அவருக்குப் பின் வந்த வியாபாரப் படங்களில் நிலைமை இன்னும் மோசம். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே முதலிய கொழும்பு ஸ்டூடியோக்கள் மலைநாட்டைப் படமெடுத்துத் தள்ளின. தபாலட்டைகளில் கொழுந்துக் கூடையோடு பெண்கள் உலகம் முழுக்கப் போனார்கள். அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு ‘தமிழ்க் கூலி’ என்பதே பெயர். 1907இல் லண்டனில் வெளிவந்த, இலங்கை பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால் தோட்டங்களும் பங்களாக்களும் துரைமாரும் பெயர் விவரத்தோடு பக்கம் பக்கமாக வருவார்கள். வேலையாட்கள் கூட்டமாக மட்டுமே வருவார்கள்.

லயத்துச் சுவர்

அரண்மனைப் படம் பங்களாவில் தொங்கிய அந்தக் காலத்தில் லயத்தில் என்ன தொங்கியது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு மூலையில் அடுப்பு. புகை ஏறிக் கறுத்த சுவர். அதில் ஆணியடித்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும். அங்கேயும் படம் இருந்தது. டவுன் கடை கொடுத்த கலண்டரில் முருகனும் மாரியம்மனும் இருந்தார்கள். 1927இல் இலங்கை வந்து போன காந்தி இருந்தார். 1939இல் வந்த நேரு இருந்தார். பிறகு தொழிற்சங்கத் தலைவர் வந்தார், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். கலண்டரின் நாள்தாள் தீர்ந்த பிறகும் படத்தைக் கழற்ற மனமிராது.

தாத்தா, பாட்டி படம் மட்டும் அபூர்வம். ஸ்டூடியோவுக்குப் போக டவுனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு வேண்டும், நல்ல சேலை வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் முதல் படம் எடுத்தது ஆசைக்கு அல்ல, அரசாங்கக் காகிதத்துக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் கேட்டார்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, முகத்தை நேராக வைக்கச் சொல்லி எடுத்த படம். மலையகத்தின் எத்தனையோ வீடுகளில் அப்பாயியின் ஒரே படம் அதுதான்.

பட்டிப்பொல வீட்டிலும் அப்படியே. அரண்மனைப் படத்தைப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டேன்: “ஐயா, உங்க அப்பாயி படம் எதுவும் இல்லையா?”

“இருக்குங்க. பாஸ்போட்டுக்கு எடுத்தது. சின்னப் படம், செவத்துல மாட்டுற மாதிரி இல்ல” என்றவர், பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். பெருவிரல் அளவுப் படம். ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியது. எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, இரு மூக்கிலும் மூக்குத்தி, கமராவை விட்டுக் கொஞ்சமும் நகராத பார்வை. ஒரு மூலையில் அரசாங்க முத்திரையின் மசி வளைவு பதிந்திருக்கிறது. பின்பக்கம் வெறுமை. பெயர் தெரிந்தவர் இந்தப் பெரியவர் ஒருவர்தான். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் படத்தில் இருப்பவர் ‘பெரிய அப்பாயி’, அவ்வளவே. இந்தத் தலைமுறை போய்விட்டால் இவரும் களுத்துறைக் குழுவில் ஒருவராகிவிடுவார்.

ஊல்சியின் பெயரும் ஜேன் சீமோரின் பெயரும் ஐந்நூறு வருடமாக அழியவில்லை. நம் அப்பாயியின் பெயர் ஐம்பது வருடம் தாங்குமா என்பதே என் கவலை. தாங்கவைக்க முடியும். அதற்கு அரண்மனை தேவையில்லை; ஒரு சட்டமும் ஒரு பென்சிலும் போதும்.

மூடுபனிக்குள் படம் காப்பது

பட்டிப்பொல, அம்பேவெல, நுவரெலியா போன்ற இடங்களில் பழைய படத்துக்கு முதல் எதிரி ஈரம். பகலில் காற்றோடு வரும் ஈரம், இரவில் குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது. சட்டத்தின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் ஈரம் உள்ளே இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும், படத்தின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படி ஒட்டியிருந்தால் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுப்பது நல்லது.

மாட்டும்போது வெளிச்சுவரைத் தவிர்த்து வீட்டுக்குள் இருக்கும் நடுச்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை வளையம் போடச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணப் பழுப்பு அட்டை படத்தையும் பழுப்பாக்கும். கணப்புக்கு மேலே மாட்டுவது பங்களா வழக்கம். சூடும் புகையும் படத்துக்கு ஆகாது. சாமி விளக்குப் புகைக்கும் இது பொருந்தும். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம்; பழைய வெள்ளி உப்புப் படம் வெளிச்சத்தில் வெளுத்துக்கொண்டே போகும்.

அசல் படத்தை லெமினேட் பண்ணவே கூடாது. ஒட்டியதைப் பிறகு எடுக்க முடியாது. பெருவிரல் அளவுப் படத்தையும் நல்ல ஸ்கேனரில் கூடிய தெளிவில் பதிந்தால் ஒன்றரை அடிக்குப் பெரிதாக்கலாம். அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டிவிட்டு, அசலைத் தாள் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தகரப் பெட்டியில் வையுங்கள். முத்திரை மசியையும் கிழிசலையும் கணினியில் அழித்துவிடாதீர்கள். அந்த மசிக்குள்ளும் நம் வரலாறு இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுவது. பேனா மசி ஊறி முன்பக்கம் வந்துவிடும். முழுப்பெயர், பிறந்த தோட்டம், டிவிஷன், படம் எடுத்த ஊர், தோராயமான ஆண்டு. யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

சமமான சட்டம்

இந்த வேலையை முன்பே தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்திலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் 2007 முதல் இயங்குகின்றன. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பித்தளைப் பாத்திரம், பழைய பத்திரங்கள், படங்கள் என்று உழைத்தவர் பக்கத்துச் சாட்சியங்கள் அங்கே இருக்கின்றன. 2023இல் ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, முன்னோர் நடந்த பாதை நாடு முழுவதற்கும் தெரிந்தது. பாதையை மீட்டுவிட்டோம். முகங்களை மீட்பது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நடக்க வேண்டிய வேலை.

அரண்மனைப் படத்தை இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அழகான கட்டடம், அருமையான புகைப்படம். தினமும் அதைத் துடைத்துக் காத்த அந்த அப்புவின் கையும் அதன் வரலாற்றில் சேர்ந்துவிட்டது. விடுதி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஹாம்ப்டன் கோர்ட் மாட்டும் சுவரில், அதே அளவுச் சட்டத்தில், உங்கள் ஊரில் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணின் படத்தையும், குடும்பத்தாரிடம் கேட்டு, அவர் பெயரோடு மாட்டுங்கள். கட்டடத்தின் கீழே ஆண்டு எழுதுகிறீர்கள்; அவருக்கும் எழுதுங்கள். வரும் பயணி இரண்டையும் பார்க்கட்டும். இந்த மலையின் இங்கிலாந்து யார் தோளில் நின்றது என்பது அப்போது தானாகவே விளங்கும்.

வீடுகளுக்கும் ஒரு வேலை உண்டு. தீபாவளிக்குச் சுண்ணாம்படிக்க எப்படியும் படங்களைக் கழற்றத்தான் போகிறோம். கழற்றியவற்றை வரிசையாக வைத்து, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இது யாருங்க?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பின்பக்கம் பெயரை எழுதிவிடுங்கள். பீரோவுக்குள் இருப்பவற்றையும் எடுங்கள். ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்கு விடுமுறைப் பாடமாகவே கொடுக்கலாம். சுண்ணாம்பு காய்ந்ததும் திரும்ப மாட்டும்போது, நடுச்சுவரில் முதல் ஆணி அப்பாயிக்கு.